தாலி தோல் மருந்தல்ல

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் என் முகத்தைப் பார்த்து வைத்தியம் சொல்லாதவர்கள் குறைவு. பதினாறு வயதில் தொடங்கி இருபத்தெட்டு வரை தாடையிலும் கன்னத்திலும் முதுகிலும் கட்டி கட்டியாக வந்த பரு. போனது மாதிரி போகும். ரெண்டே மாதத்தில் அதே இடத்தில் திரும்ப வரும். பூ விற்கிற அம்மா சங்கை இழைத்துப் பூசச் சொன்னார். பெரியகுளம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஜாதிக்காயைச் சிபாரிசு செய்தார். விடியற்காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் எச்சிலைத் தொட்டு வை என்றது அப்பத்தா. வைத்தும் பார்த்தேன்.

இதிலெல்லாம் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. சங்கும் ஜாதிக்காயும் என் முகத்துக்கு நல்லதும் செய்யவில்லை, பெரிய கெடுதலும் செய்யவில்லை. என் கோபமெல்லாம், வைத்தியம் சொன்ன அத்தனை பேரும் கடைசியில் ஒரே ராகத்தில் சொல்லி முடித்த வாக்கியத்தின் மேல்தான்: “கவலப்படாதத்தா, கல்யாணம் ஆனாச் சரியாப் போயிரும்.”

எதையும் கேள்வி கேட்காமல் விழுங்குகிற ஊர் என்று வத்தலக்குண்டைச் சொல்லிவிட முடியாது. இங்கே வளர்ந்த சி.சு. செல்லப்பா 1959-இல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கி, தமிழில் விமர்சனம் என்ற ஒன்று வேண்டும் என்பதற்காகக் கைக்காசைக் கரைத்தவர். அப்பேர்ப்பட்டவரின் ஊரில் இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் இன்றுவரை யாரும் உரசிப் பார்க்கவில்லை. ஜவுளிக்கடையிலும் சொல்கிறார்கள், பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூமிலும் சொல்கிறார்கள். பருவத்தில் வருவதால்தான் அதற்குப் பரு என்று பேர் என்று எங்கள் டீச்சர் ஒருவர் சொல்லியும் கொடுத்தார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பருத்து நிற்பதால்தான் அது பரு.

பருவம் தாண்டினாலும் பரு இருக்கும். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், வேலைக்குப் போகிற, 25 வயதைத் தாண்டிய 749 பேரின் முகத்தைப் பரிசோதித்து 1999-இல் முடிவை வெளியிட்டார்கள். பெண்களில் நூற்றுக்கு 54 பேருக்கும் ஆண்களில் 40 பேருக்கும் கொஞ்சமோ நிறையவோ பரு இருந்தது. வைத்தியம் பார்க்க வேண்டிய அளவுக்கு இருந்தது பெண்களில் நூற்றுக்கு 12 பேருக்கு, ஆண்களில் 3 பேருக்கு. அத்தனை பேரும் கன்னிகளும் பிரம்மச்சாரிகளுமா?

அப்படியானால் இந்த நம்பிக்கை எப்படி இவ்வளவு காலம் பிழைத்தது? இருபதுகளின் நடுவில் பலருக்குப் பரு தானாகவே அடங்குகிறது. நம் பக்கம் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வயதும் அதுதான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. பழம் விழாத மரத்தைப் பற்றிக் காக்கை வாய் திறப்பதில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் பருவோடு இருக்கிற மதினிமார் பவுடரைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டு பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். தோலில் இருக்கிற எண்ணெய்ச் சுரப்பிகளை ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்கள் தூண்டுகின்றன. எண்ணெய் அதிகமாகச் சுரக்கிறது. உதிர்ந்துபோக வேண்டிய செல்கள் உதிராமல் மயிர்த்துளையை அடைக்கின்றன. எல்லார் தோலிலும் சும்மா வாழ்கிற ஒரு பாக்டீரியா அந்த அடைப்புக்குள் பெருகுகிறது. உடம்பு அதோடு மல்லுக்கட்டுகிறது. வீக்கம், சீழ், கட்டி. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்திருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். மாதவிலக்கு தள்ளித் தள்ளி வந்து, மோவாயில் முடியும் முளைக்கிற பெண்ணுக்கு பி.சி.ஓ.எஸ். என்கிற ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதில் எந்த இடத்தில் மூன்று முடிச்சு போய் வேலை செய்கிறது?

சூடு என்பார்கள். வெயிலுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை, வியர்வையும் ஹெல்மெட் பட்டையின் உரசலும் பருவைக் கிளறிவிடும் என்பதும் சரிதான். ஆனால் சூடுதான் காரணம் என்றால், இங்கிருந்து பஸ் ஏறி ஏழாயிரம் அடிக்கு மேலே போய் இறங்கும் கொடைக்கானலில் ஒருத்தர் முகத்திலும் பரு இருக்கக் கூடாது. ஸ்வெட்டரும் பருவுமாக அங்கிருந்து இறங்கி வருகிற கல்லூரிப் பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன்.

அந்தச் ‘சூடு’ வெயில் சூடு இல்லை என்பது சொல்கிறவர்களுக்கும் தெரியும். கல்யாணம் ஆனால் போய்விடும் என்றால், கல்யாணத்தில் கிடைக்கிற ஏதோ ஒன்று இல்லாததால் வந்தது என்றுதான் அர்த்தம். பையன்களிடம் இதைக் கொச்சையாகவே கேட்கிறார்கள். டீக்கடையில் அவன் கைப்பழக்கத்தைச் சொல்லி நாலு பேர் சிரிக்கிறார்கள். பெண்களிடம் அதையே “யாரோ ஒன்ன நெனக்கிறாங்கடி” என்று சர்க்கரை தடவிச் சொல்கிறார்கள். ஆறுதல் மாதிரி வரும் இந்த வார்த்தை, நோயாளியின் ஆசையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. அந்த வெட்கத்தில்தான் பிள்ளைகள் டாக்டரிடம் போகாமல், யாரும் கேள்வி கேட்காத மெடிக்கலுக்குப் போகிறார்கள்.

நானும் போனேன். கல்லூரி இரண்டாம் வருஷம். பெண் பார்க்க வருகிறார்கள் என்று வீட்டில் அவசரம். கடை எது என்பது இங்கே முக்கியமில்லை. கவுண்டரில் இருந்தவர் முகத்தை ஒரு தடவை பார்த்தார், ஒரு டியூபை எடுத்து வைத்தார். மூன்றே நாளில் சிவப்பு வற்றி, கட்டி அமுங்கி, முகம் வெளுத்தது. “பாத்தியா, கல்யாணக் களை வந்துருச்சு” என்றார் அத்தை. அந்தக் களை குளோபெட்டசால் என்கிற கடும் ஸ்டீராய்டின் களை என்பது எனக்கு ஒன்றரை வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் கன்னத்துத் தோல் மெலிந்து நூல் நூலாகச் சிவப்பு நரம்பு தெரிந்தது. நிறுத்தினால் பத்து நாளில் முன்னைவிட இரண்டு மடங்கு பரு. மறுபடி பூசினால் அடங்கும். குடிகாரன் காலையில் கை நடுக்கத்துக்கு ஒரு கிளாஸ் தேடுகிற மாதிரி நான் டியூபைத் தேடினேன்.

இது என் ஒருத்தி கதை இல்லை. முகத்தோல் பிரச்சினையோடு இந்தியாவின் பல ஊர்த் தோல் மருத்துவப் பிரிவுகளுக்கு வந்த 2,926 பேரிடம் விசாரித்து 2011-இல் ஓர் ஆய்வு வந்தது. அவர்களில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அதில் 104 பேர் பூசியது பருவுக்காக. பாதிப் பேருக்கு மேல் டாக்டர் சொல்லாமலே பூசியவர்கள். பத்தில் ஒன்பது பேருக்குப் பக்கவிளைவு. அதில் முதலிடம் எதற்குத் தெரியுமா? பருவுக்கே. 2018-இல் மத்திய சுகாதார அமைச்சகம் பதினான்கு ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத அட்டவணைக்குள் கொண்டுவந்தது. சட்டம் டெல்லியில் இருக்கிறது, கவுண்டர் நம் தெருவில் இருக்கிறது.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

கட்டி கட்டியாக வந்து குழி விழுகிற கடுமையான பருவுக்கு மருத்துவத்திடம் இருக்கிற மிகப் பலமான ஆயுதம் ஐசோட்ரெட்டினாயின் என்கிற மாத்திரை. அமெரிக்காவில் 1982-இல் அனுமதி பெற்றது. ஐந்தாறு மாதமோ அதற்கு மேலோ டாக்டரின் மேற்பார்வையில், ஈரலுக்கும் கொழுப்புக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு சாப்பிட வேண்டும். உதடு வறண்டு வெடிக்கும். ஆனால் பலருக்குப் பல வருஷத்துப் பரு அதோடு முடிந்துபோகிறது. சிலருக்கு இரண்டாம் சுற்று தேவைப்படுகிறது. அதற்கு ஒரு கறாரான நிபந்தனை உண்டு. சாப்பிடுகிற காலத்திலும் நிறுத்தியபின் ஒரு மாதமும் பெண் கருத்தரிக்கவே கூடாது. வயிற்றுப் பிள்ளைக்குக் கடுமையான ஊனம் வரலாம். பருவுக்குக் கொடுக்கிற டாக்ஸிசைக்ளினையும் கர்ப்பத்தில் தவிர்க்கிறார்கள்.

இப்போது அந்த வாக்கியத்தை மறுபடி வாசியுங்கள். கல்யாணம் ஆகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். நம் ஊரில் கல்யாணம் ஆன மூன்றாவது மாதமே “என்னத்தா, விசேஷம் உண்டா?” என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு கர்ப்பம், தாய்ப்பால், அடுத்த கர்ப்பம். நல்ல மருந்தை நிம்மதியாகச் சாப்பிடக்கூடிய வருஷங்களைக் காத்திருந்தே கழிக்கச் சொல்லிவிட்டு, மருந்தின் கதவு சாத்துகிற வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது இந்த அறிவுரை. இதைவிடத் தலைகீழான வைத்தியம் இருக்க முடியாது. பையன்களுக்கு அந்தக் கதவு சாத்துவதில்லை. ஆனால் வருஷம் கடத்துகிற ஒவ்வொரு கட்டியும் அவர்கள் முகத்திலும் குழி வெட்டிவிட்டுத்தான் போகும்.

பருவினால் யாரும் சாவதில்லை என்று ஒரு சமாதானம் உண்டு. பரு உள்ள 111 பேரிடம் வாழ்க்கைத்தரக் கேள்விகளைக் கேட்டு 1999-இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு, அவர்கள் மனதளவிலும் நாலு பேரோடு பழகுவதிலும் படுகிற பாடு, ஆஸ்துமாவும் வலிப்பும் சர்க்கரையும் உள்ளவர்கள் படுகிற பாட்டுக்குக் குறைந்ததில்லை என்றது. எங்கள் தெரு விசேஷ வீட்டு ஆல்பங்களில் நான் ஆறு வருஷம் இல்லை. இருந்த ஒன்றிரண்டு படத்திலும் கன்னத்தில் கை.

‘பிரேமம்’ படத்தில் பருவோடு வந்த சாய் பல்லவியை 2015-இலிருந்து எல்லாரும் கொண்டாடுகிறோம். நல்லதுதான், நானும் கொண்டாடினேன். ஆனால் கன்னச் சிவப்பு வேறு, தலையணை உறையில் ஒட்டுகிற சீழ் வேறு. “பருவும் அழகுதான்” என்று கவிதை சொல்கிறவர்கள், முதுகுக் கட்டியால் மல்லாந்து படுக்க முடியாதவரிடம் ஒரு தடவை கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. எண்ணெய்ப் பலகாரத்தைத்தான் எல்லாரும் திட்டுகிறார்கள். ஆய்வுகள் கை காட்டுவது சீனியையும் மைதாவையும் மாதிரி ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றுகிறவற்றை. பாலுக்கும், ஜிம்முக்குப் போகிற பையன்கள் குடிக்கிற வே புரோட்டீனுக்கும் தொடர்பு இருக்கலாம் என்கிறார்கள். குறைத்தால் கொஞ்சம் உதவும். அதுவே வைத்தியம் ஆகாது. டாக்டர் கொடுக்கிற களிம்புக்கும் இரண்டு மூன்று மாதமாவது பொறுமை வேண்டும். மூன்றே நாளில் வெளுக்க வைக்கிற டியூப் எதுவானாலும் சந்தேகப்படுங்கள்.

எனக்கு மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர், கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். எனக்கு முகம் சுண்டியது, இவருமா என்று. இல்லை என்றதும், “நல்லதாப் போச்சு, இப்பவே முடிச்சிருவோம்” என்றார். அதுவரை கல்யாணம் ஆகாததை நல்லது என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

ஆகவே அத்தைமாரே, பெரியம்மாமாரே, அடுத்த முறை பருவோடு ஒரு பிள்ளை உங்கள் முன்னால் வந்து நின்றால் அந்தப் பழைய வாக்கியத்தை விழுங்கிவிடுங்கள். திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, தேனி பக்கம் க.விலக்கில் இருக்கிறது, மதுரையில் பெரியாஸ்பத்திரி இருக்கிறது. ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால், காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள்.