ஊட்டிக் குளிரும் விருத்தாசலத்து வண்டியும்

விருத்தாசலத்தில் டீசல் உறையாது. மார்கழி விடியலுக்கு ஒரு மப்ளர் போதும். வைக்கோல் சுற்றி, பொம்மையின் மூக்குகூட உடையாமல் பீங்கான் சரக்கை பிக்கப்பில் அடுக்கத் தெரிந்த ஊர் இது. ஆனால் ரேடியேட்டருக்குக் குழாய்த் தண்ணீரே போதும் என்பவர்கள் எந்த ஊரிலும் உண்டு.

சமவெளியில் அந்தக் கணக்கு ஓடிவிடும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் ஊட்டியில் இரவு நிறுத்தினால் ஓடாது. தண்ணீர் உறைந்தால் விரியும். இன்ஜின் பிளாக் விரிசல் விட்டால், மிச்சம் பிடித்த கூலன்ட் காசு எந்த மூலைக்கு?

டீசலின் கதை வேறு. அதில் இயல்பாகவே மெழுகு உண்டு. குளிரில் அது படிகமாகி ஃபில்டரை அடைக்கும். லடாக்கில் டேங்குக்கு அடியில் தீ மூட்டி வண்டி கிளப்பியதெல்லாம் இதனால்தான். 2019 நவம்பரில்தான் இந்தியன் ஆயில், மைனஸ் 33 டிகிரியிலும் இளகியே இருக்கும் டீசலைப் பானிப்பட் ஆலையில் தயாரித்து அங்கே அனுப்பியது.

எனவே வடக்கே லோடு போகும் வண்டி, பனிப் பிரதேசத்தை எட்டுமுன் தெற்கத்தி டீசலைத் தீர்த்துவிட்டு அங்குள்ள பங்கில் நிரப்புவதே சரி. மண்ணெண்ணெய் கலக்கும் பழைய வித்தை வேண்டாம். பிஎஸ்-6 இன்ஜெக்டரின் விலையைக் கேட்டால் அந்த ஆசையே போய்விடும். கிளம்புமுன் ஃபில்டரில் தேங்கிய தண்ணீரை வடித்து, பேட்டரியையும் சோதிக்க வேண்டும்.

எந்தக் குளிர் வரை தாங்கும் டீசல் என்று பங்குகளில் ஒரு பலகை வைக்க எண்ணெய் நிறுவனங்களுக்கு என்ன தயக்கம்?