வலிக்காத ரத்தம்
பெங்களூரு கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்குக் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ஏராளம். அங்கே வரிசையில் நின்ற ஒரு பெரியவர் பயாப்ஸி அறிக்கையை நீட்டி, "பரவிடுச்சா தம்பி, பாருங்க" என்றார். சிறுநீர்ப்பைப் புற்று. என் கண் தேடியது இரண்டே வரிகளைத்தான்: கட்டி தசைவரை இறங்கியிருக்கிறதா, ரத்த, நிணநீர்க் குழாய்களுக்குள் புற்றணுக்கள் நுழைந்திருக்கின்றனவா? நிணநீர் முடிச்சுகளுக்கு நோய் போகும் வழி பெரும்பாலும் அங்கேதான் திறக்கிறது. உள்தோலோடு நிற்கும் கட்டி முடிச்சுகளை எட்டுவது அரிது; தசையைத் துளைத்துவிட்டால், சிறுநீர்ப்பையை அகற்றும்போது ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு முடிச்சுகளிலும் நோய் இருக்கிறது, ஸ்கேனில் தெரியாமலேகூட. பயாப்ஸிக்குச் சுரண்டி எடுத்த திசுவில் தசையே இல்லையென்றால் அது பாதி அறிக்கைதான். மறுபடி எடுக்க வேண்டுமா என்று நோயாளி தயங்காமல் கேட்க வேண்டும். எனக்கு மனசு ஆறாதது வேறு. சிறுநீரில் ரத்தம் முதலில் வந்தபோது வலி இல்லை, அதனால் உடம்புச் சூடு என்று இளநீர் குடித்து மாதக்கணக்கில் இருந்துவிட்டார் அவர், பீடியையும் விடவில்லை. பெண்கள் நிலைமை இன்னும் மோசம், நீர்க்கடுப்பு மாத்திரையிலேயே காலம் கடந்துவிடுகிறது. ஒரே ஒரு முறை வந்து நின்ற ரத்தமானாலும் மருத்துவரிடம் காட்டுங்கள் என்று எல்லை ஊர்களின் ஆரம்ப சுகாதார நிலையச் சுவர்களில் கன்னடத்திலும் தமிழிலும் பெரிதாக எழுதி வைக்க வேண்டும்.