காரீயத்தின் மேல் ஓர் ஊசிமுனை

உராய்வை அணு அளவில் முதலில் அளந்து காட்டியவர்கள் கலிபோர்னியாவின் ஐபிஎம் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த மேத்யூ மேட்டும் சகாக்களும், ஆண்டு 1987. அவர்கள் கையாண்ட அணுவிசை நுணுக்குக்காட்டி பிறந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. டங்ஸ்டன் கம்பியின் முனையை ஒரு பரப்பின்மேல் இழுத்து, கம்பி வளைவதை ஒளியால் அளந்தார்கள். முனை சீராக வழுக்கவில்லை. ஏறத்தாழ 0.25 நனோமீற்றருக்கு ஒருமுறை, அணுக்களின் அடுக்கை ஒட்டியே, சிக்கிச் சிக்கி நகர்ந்தது.

அந்தப் பரப்பு காரீயம், அதாவது கிரபைட்.

கண்டிக்காரர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார வேண்டும். மலையிறங்கினால் கேகாலை மாவட்டத்தில் போகலை, குருநாகல் மாவட்டத்தில் கஹட்டகஹ: உலகிலேயே மிகத் தூய நரம்புக் காரீயம் வெட்டும் சுரங்கங்கள். 2004இல் நெதர்லாந்தின் லைடனில் இன்னொரு விந்தை தெரிந்தது. காரீயத் துணுக்கொன்றைக் காரீயத்தின்மேல் திருப்பியபோது, அடுக்குகள் பொருந்தும் ஒவ்வொரு 60 பாகையிலும் உராய்வு உயர்ந்தது. இடைக்கோணங்களில் ஏறக்குறைய இல்லாமலே போனது. தேயாத இயந்திரம் என்ற கனவுக்கு அது வழி.

ஹந்தானையில் அடிப்படைக் கற்கைகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. பேராதனையில் பௌதிகவியல் துறை இருக்கிறது. நம் காரீயத்தின் பெரும்பங்கோ கப்பலேறிப் போகிறது. பௌதிகவியல் படிக்கும் மலையகப் பிள்ளைகள் தம் ஆய்வு வாழ்க்கையை இந்தக் காரீயத்தின் உராய்வில் தொடங்கலாம். அதற்கான கருவியையும் புலமைப்பரிசிலையும் அரசு இங்கேயே, இப்போதே தர வேண்டும்.