அரியர் வைத்த அணிக்கு ஒரு ரசிகனின் விண்ணப்பம்



நம் பாலிடெக்னிக்கில் ‘அரியர்’ என்ற சொல்லுக்கு யாருக்கும் விளக்கவுரை தேவையில்லை. அக்டோபரில் போன பேப்பரை ஏப்ரலில் பிடிக்கலாம், ஏப்ரலில் போனதை அக்டோபரில் பிடிக்கலாம் என்ற தைரியத்தில்தான் நம்மில் பாதிப் பேர் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அரியர் வைத்தவனை சார் திட்டலாம், வீட்டில் அப்பா முறைக்கலாம். ஆனால் ஹாஸ்டலில் எவனும் அவனைக் கைவிடுவதில்லை. ராத்திரி கூட உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பான். “பீஸ் கட்டிட்டியா? ஹால் டிக்கெட் வாங்கிட்டியா?” என்று பத்து தடவை கேட்பான். அப்படி அரியரோடு நிற்கும் ஒரு கால்பந்து அணிக்காகத்தான் இந்த ஆண்டு மலரில் இடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். அணியின் பெயர் சென்னையின் எஃப்.சி.

முதலில் பெயரைக் கவனியுங்கள். ‘சென்னையின்’! பத்தாவதில் இப்படி எழுதியிருந்தால் தமிழ் ஐயா சிவப்பு மையில் வட்டம் போட்டு, “சென்னையின்... எது? வாக்கியத்தை முடிடா!” என்றிருப்பார். 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது வைத்த பெயர் அது. பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த வாக்கியம் முடிந்தபாடில்லை. ஒரு வருடம் ‘சென்னையின் பெருமை’ என்று வருகிறது. மறு வருடமே ‘சென்னையின் சோதனை’ என்று ஆகிவிடுகிறது!

“டேய், ஐ.பி.எல். இருக்கும்போது இதைப் போய் பார்க்கிறியே, ஏதாச்சும் வேண்டுதலா?” என்று கேட்காத ரூம்மேட் கிடையாது. அதிலும் நான் கொல்லிமலைக்காரன். வாழவந்தி நாட்டுக்கும் சென்னை பெரியமேட்டில் இருக்கிற நேரு ஸ்டேடியத்துக்கும் என்ன சம்பந்தம்? செம்மேட்டில் பஸ் ஏறி, எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலம் போய் ரயில் பிடித்துச் சென்னையில் கால் வைப்பதற்குள் ஒரு பொழுது போய்விடும். மேட்ச் எல்லாம் டி.வி.யில்தான், செல்போனில்தான். அதுவும் மலையில் டவர் கிடைத்தால்! சம்பந்தம் இருக்கிறதா இல்லையா என்பதை நீங்களே கடைசியில் சொல்லுங்கள்.

மார்க் ஷீட் இதோ!

இந்த அணி மக்கு மாணவன் என்று யாரும் நினைக்க வேண்டாம். முதல் வருடமே (2014) லீக் பட்டியலில் முதல் இடம். பிரேசில்காரர் எலானோ 8 கோல் போட்டு அந்த சீசனில் அதிக கோல் அடித்தவர் ஆனார். அரையிறுதியில் கேரளாவிடம் தோற்றோம். அது வேறு வயிற்றெரிச்சல்.

2015-ல் நடந்ததை நம் ஜூனியர்களுக்கெல்லாம் கதையாகவே சொல்லலாம். சீசன் பாதியைத் தாண்டியும் அணி பட்டியலின் அடியில் கிடந்தது. “போச்சு, ஆல் அரியர்” என்று எல்லோரும் கை கழுவிய நேரம். அங்கிருந்து வரிசையாக ஜெயித்து அரையிறுதிக்கு வந்தார்கள். அந்த டிசம்பரில்தான் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேயில் ஆட வேண்டி வந்தது. கொல்கத்தாவை அங்கே 3-0 என்று சாய்த்தார்கள். டிசம்பர் 20-ந்தேதி கோவாவில், கோவா அணியோடு இறுதிப் போட்டி. ஆட்டம் முடிய சில நிமிடமே இருக்கும்போது 1-2 என்று பின்தங்கியிருந்தோம். விசில் ஊதும்போது 3-2 என்று கோப்பை நம் கையில்! கொலம்பியாக்காரர் மெண்டோசா அடித்த கடைசி கோலை எத்தனை தடவை போட்டுப் பார்த்தேன் என்று கணக்கே கிடையாது. வீடு வாசல் இழந்து முகாமில் கிடந்த ஊருக்கு அந்த டிசம்பரில் கிடைத்த ஒரே நல்ல சேதி அதுவாகத்தான் இருந்திருக்கும்.

2018 மார்ச் 17-ல் இரண்டாவது கோப்பை. பெங்களூரில், பெங்களூரு அணியையே அதே 3-2 கணக்கில் வென்றோம். பின்கள வீரர் மயில்சன் ஆல்வெஸ் இரண்டு கோலைத் தலையால் முட்டிப் போட்டார். நம்ம சென்னைப் பையன் தனபால் கணேஷ் நடுக்களத்தில் நின்றார்.

அடுத்த வருடமே பாருங்கள் கூத்தை! 2018-19-ல் 18 ஆட்டம், இரண்டே வெற்றி, மொத்தம் 9 புள்ளி, பத்து அணியில் பத்தாவது இடம். சாம்பியனாக இருந்தவன் ஒரே வருடத்தில் கடைசி பெஞ்ச்! அதற்கு அடுத்த சீசனும் அப்படித்தான் தொடங்கியது. 2019 டிசம்பரில் ஓவன் கோய்ல் என்ற ஸ்காட்லாந்துப் பயிற்சியாளர் வந்தார். அரியர் எல்லாவற்றையும் ஒரே சிட்டிங்கில் கிளியர் பண்ணின மாதிரி அணி இறுதிப் போட்டி வரைக்கும் போய்விட்டது. கொரோனா பயத்தில் ஆளில்லாத மைதானத்தில் 2020 மார்ச் 14-ல் நடந்த அந்த ஆட்டத்தில் கொல்கத்தாவிடம் 1-3 என்று தோற்றோம்.

அதற்கப்புறம் 2020-21-ல் எட்டாம் இடம். 2021-22-ல் எட்டாம் இடம். 2022-23-ல்... ஆமாம், எட்டாம் இடம்! 2023-24-ல் ஆறாவதாக வந்து பிளே-ஆஃபில் கோவாவிடம் வெளியேறினோம். 2024-25-ல் பதிமூன்று அணியில் பதினொன்றாம் இடம். ரசிகனுக்கு இருக்கிற பொறுமையை அளக்க ஒரு மீட்டர் இருந்தால் நம் லேபில் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

பயம் தோல்விக்கு இல்லை, டி.சி.க்கு!

இவ்வளவும் தாங்கிக்கொள்ளலாம். அரியர் வைத்தவன் என்றைக்காவது எழுதுவான். ஆனால் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டான் என்றால்? 2025-ல் அந்தப் பயம்தான் நிஜமாகப் பார்த்தது. லீக்கை நடத்தும் ஒப்பந்தம் முடியும் தறுவாயில் புதிய ஒப்பந்தம் ஏற்படாததால், அந்த வருடச் சீசனே தொங்கலில் நின்றது. ஆகஸ்ட் மாதம் சென்னையின் எஃப்.சி. தன் முதல் அணியின் வேலைகளை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. ஆட்டக்காரன், பயிற்சியாளன், மைதானத்தில் புல் வெட்டுகிறவன் வரை எல்லார் பிழைப்பும் அந்தரத்தில். கடைசியில் 2026 பிப்ரவரியில்தான் சுருக்கமான ஒரு சீசனாக லீக் தொடங்கியது.

தோற்றால் அடுத்த வாரம் ஜெயிக்கலாம். அணியே இல்லையென்றால் எதைப் பார்த்துத் தோற்பது?

இது வீண் பயம் என்பீர்களானால் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. சென்னை சிட்டி எஃப்.சி. என்ற இன்னொரு அணி கோயமுத்தூர் நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக வைத்து ஆடியது. பெட்ரோ மான்சி என்பவர் ஒரே சீசனில் 21 கோல் அடித்தார். 2019 மார்ச் 9-ந்தேதி மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று அது ஐ-லீக் சாம்பியன் ஆனது. சென்னையின் எஃப்.சி. கடைசி இடத்தில் கிடந்த அதே சீசனில்! ஐ-லீக்கை வென்றால் மேல் லீக்குக்குப் போகலாம் என்ற கதவு அப்போது திறந்திருக்கவில்லை. 2023-ல்தான் பஞ்சாப் அணி அந்த வழியாக மேலே வந்தது. நம் கோவை சாம்பியன் அதுவரை தாங்கவில்லை. 2020-21 சீசனுக்குப் பிறகு ஐ-லீக்கில் அதன் பெயரே காணோம். வடக்கேயும் இதே கதைதான். 1996-97-ல் முதல் தேசிய லீக்கை வென்ற ஜே.சி.டி. அணி 2011-ல் கலைக்கப்பட்டது. மஹிந்திரா யுனைடெட் அதற்கு முந்தைய வருடமே போய்விட்டது. ஆக, கோப்பை ஒரு அணியைக் காப்பாற்றும் என்று நம்புவதற்கில்லை.

அப்படியானால் எது காப்பாற்றும்?

எங்கள் மலையில் இதற்குப் பதில் இருப்பதாக நினைக்கிறேன். செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஒவ்வொரு ஆடி மாதமும் 17, 18 தேதிகளில் அரசாங்கமே விழா எடுக்கிறது. பதினான்கு நாட்டு சனமும் வந்து கூடும். அந்த ஓரி கடைசிப் போரில் என்ன ஆனான்? மலையமான் காரியிடம் தோற்று மாண்டான். கொல்லிமலையும் சேரன் கைக்குப் போனது. ஜெயித்த காரிக்கு எங்கள் மலையில் விழா இல்லை. தோற்றவனுக்குத்தான் மாலை! ஏன்? அவன் எங்க ஆளு. அவ்வளவுதான் காரணம். ரெண்டாயிரம் வருடமாக அந்தக் காரணம் தேயவில்லை.

வெளிநாட்டிலும் பாருங்கள். இங்கிலாந்தில் விம்பிள்டன் என்ற கால்பந்து அணியை 2002-ல் வேறு ஊருக்கு மாற்ற அனுமதி கொடுத்துவிட்டார்கள். ரசிகர்கள் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. பொது மைதானத்தில் ஆள் பொறுக்கி, ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று தாங்களே ஒரு அணி தொடங்கினார்கள். ஒன்பதாவது படியில் இருந்து ஆடிப் பிடித்து 2011-ல் நாலாவது படிக்கு ஏறினார்கள். ‘எங்க ஆளு’ என்ற அந்தச் சொல்லுக்கு அவ்வளவு பலம்.

சென்னையின் எஃப்.சி.க்கு வேண்டியதும் அதுதான். சூப்பர் மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் புளூஸ் என்று சென்னையில் தொண்டை கிழியக் கத்தும் ரசிகர் கூட்டங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் தாம்பரத்தைத் தாண்டினால்? நாமக்கல்லில், தருமபுரியில், தேனியில் ‘எங்க டீம்’ என்று சொல்ல எத்தனை பேர்? ஆகவே இந்த மலைக்காட்டு ரசிகனின் விண்ணப்பம் மூன்று.

ஒன்று. நம் பையன்களைத் தேடி வாருங்கள். எட்வின் வான்ஸ்பால் நெய்வேலிக்காரர். சென்னை சிட்டியோடு ஐ-லீக் வென்றுவிட்டு சென்னையின் எஃப்.சி.க்கு வந்தவர். மைக்கேல் சூசைராஜ் கன்னியாகுமரிக் கடலோரம். நல்லப்பன் மோகன்ராஜ் எங்கள் நாமக்கல் மாவட்டத்தவர். பெண்களில் இந்துமதி கதிரேசன் கடலூர். மதுரை சேது எஃப்.சி. 2019-ல் இந்திய மகளிர் லீக்கையே வென்றது. திறமை இல்லை என்று யார் சொல்ல முடியும்? எங்கள் மலையில் காலையும் மாலையும் மேடு பள்ளம் ஏறி இறங்கிப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் நுரையீரலுக்கு எந்தப் பயிற்சியாளர் மார்க் போட்டிருக்கிறார்? வருடத்துக்கு ஒரு நாள் சேலத்திலோ நாமக்கல்லிலோ ஆள் தேர்வு வையுங்கள். ஒரு பையன் தேறினாலும் போதும். அவனுக்குப் பின்னால் பதினான்கு நாடும் டி.வி. முன்னால் உட்காரும்.

இரண்டு. வருடத்தில் ஒரு பயிற்சி ஆட்டமாவது மாவட்டத்துக்கு வரட்டும். கோயமுத்தூரில் கால்பந்துக்குக் கூட்டம் வரும் என்பதை 2019 காட்டிவிட்டது. சேலம், திருச்சி, மதுரை ஆட்களுக்கும் கண் இருக்கிறது, தொண்டையும் இருக்கிறது.

மூன்று. பயிற்சியாளருக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். சொல்லுவது எளிது என்று தெரியும். ஆனால் எட்டாம் இடத்தில் நின்ற மூன்று வருடத்திலும் மூன்று வேறு பயிற்சியாளர்கள். செமஸ்டருக்கு ஒரு வாத்தியார் மாறினால் நம் கதி என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா?

“தம்பி, கிளப் நடத்துவது வியாபாரம். கோடிக்கணக்கில் நஷ்டம். உன் சென்டிமென்டுக்காக மலை ஏறுவார்களா?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் வியாபாரம் என்றே வைத்துக்கொண்டாலும், ஜெயிக்கும்போது மட்டும் வரும் கூட்டம் தோற்றதும் கலைந்துவிடும். சொந்த ஊர்ப் பையன் ஆடுகிறான் என்று வருகிறவன் பதினொன்றாம் இடத்திலும் வருவான். நஷ்டக் காலத்தில் கடையைத் திறந்து வைக்க உதவுகிற வாடிக்கையாளன் இவர்களில் யார்? மெயின்டனன்ஸ் பாடத்தில் நாம் படிப்பதுதானே இது. மிஷின் நின்ற பிறகு செலவழிப்பதைவிட, ஓடும்போதே எண்ணெய் விடுவது மலிவு.

நம் பங்குக்கு...

கிளப்பை மட்டும் கேட்டால் போதாது. நம் விளையாட்டு விழாவில் கிரிக்கெட்டுக்கு மூன்று நாள், ஃபுட்பாலுக்கு அரை நாள், அதுவும் மழை வந்தால் கேன்சல்! கோல் போஸ்டில் வலை எப்போது இருந்தது என்று ஃபைனல் இயர் அண்ணன்களுக்கே ஞாபகம் இல்லை. ஆகவே நம் மாணவர் பேரவைக்கும் ஒரு விண்ணப்பம். வருகிற ஆண்டு ரெண்டு நல்ல பந்து, ஒரு ஜோடி வலை வாங்குங்கள். துறைக்கு ஒரு அணி வைத்துச் சின்னதாக ஒரு லீக் நடத்துங்கள். தோழியருக்கும் தனி லீக். பக்கத்து பாலிடெக்னிக்குகளையும் கூப்பிடுங்கள். சீசன் வரும்போது ஒரு வேன் பிடித்து முப்பது பேர் நேரு ஸ்டேடியத்துக்குப் போய் ஒரு மேட்சாவது நேரில் பார்ப்போம். டிக்கெட் வாங்கி உள்ளே உட்கார்கிற ஒருவன், டி.வி. முன்னால் திட்டுகிற நூறு பேருக்குச் சமம்.

மூன்றாவது கோப்பை வருமா? வரும் என்றுதான் நம்புகிறேன். ரெண்டு தடவை அடியில் கிடந்து எழுந்தவன் மூன்றாவது தடவை எழ மாட்டானா? ஆனால் கோப்பை கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை. ஒரு நாள் அந்த நீலச் சட்டையில் வாழவந்தி நாட்டுப் பையன் ஒருவன் இறங்க வேண்டும். எங்கள் ஊர் ஆயா “யாரு சாமி ஆடறது?” என்று கேட்க வேண்டும். “நம்ம பையன்தான் ஆயா” என்று சொல்ல வேண்டும். பாதியில் நிற்கிற அந்த வாக்கியம் அன்றைக்கு முடியும்.

அதுவரைக்கும் ஹால் டிக்கெட் வாங்கிட்டியான்னு கேட்டுக்கிட்டே இருப்போம், மச்சான்களா!

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை,
வாழவந்தி நாடு, கொல்லிமலை.