முகத்தின் நிறமும் அகத்தின் ஒளியும்

தோலை வெண்மையாக்குவதாக வாக்களிக்கும் கிரீம்கள் எமது நாட்டின் நகரங்களிலும் கிராமங்களிலும் தாராளமாக விற்பனையாகின்றன. இத்தகைய கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் கலக்கப்படுகின்றது. தோலுக்கு நிறந்தரும் மெலனின் உருவாவதைப் பாதரச உப்புக்கள் தடுப்பதால் முகம் வெளிறித் தோன்றுகின்றது. ஆனால், தோலினூடாக உட்புகும் அந்நச்சு சிறுநீரகங்களையும் நரம்பு மண்டலத்தையும் பாதிக்குமென உலக சுகாதார ஸ்தாபனம் எச்சரித்துள்ளது. தாயின் கருவிலுள்ள சிசுவுக்கும் அதனால் ஆபத்துண்டு.

பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2013இல் ஜப்பானில் ஏற்றுக்கொள்ளப்பட்டு, 2017இல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் இலங்கையும் அதில் இணைந்துகொண்டது. 2023இல் ஜெனீவாவில் கூடிய உறுப்பு நாடுகள், பாதரசம் சேர்க்கப்பட்ட எல்லா அழகுசாதனப் பொருட்களையும் 2025ஆம் ஆண்டுடன் ஒழிப்பதெனத் தீர்மானித்தன.

பாதரசத்தோடு தொடர்பற்ற இன்னொரு செய்தியும் சிந்தனைக்குரியது. 1975இல் இந்தியாவில் அறிமுகமான ‘ஃபெயார் அண்ட் லவ்லி’ என்ற கிரீம், நிறவெறிக்கு எதிரான குரல் உலகெங்கும் ஓங்கி ஒலித்த 2020இல், ‘குளோ அண்ட் லவ்லி’ எனப் பெயர் மாற்றப்பட்டது. சட்டம் நச்சைத் தடுக்கலாம். நிறுவனம் பெயரை மாற்றலாம். ஆனால் வெள்ளை நிறமே அழகு என்ற எண்ணத்தை எமது இல்லங்களிலிருந்து அகற்றுவது யார்?

குழந்தை பிறந்த வீட்டுக்குச் செல்வோர், “பிள்ளை நல்ல நிறமோ?” என்று வினவுவது எமது வழக்கம். ‘மணமகள் தேவை’ விளம்பரங்களில் ‘றோமன் கத்தோலிக்க’ என்ற சொல்லின் அருகிலேயே ‘நல்ல நிறமுடைய’ என்ற நிபந்தனையையும் நாம் காண்கிறோம். திருமணத்தைத் திருவருட்சாதனம் என ஏற்கும் நாமே, இறைவன் தந்த நிறத்தைக் குறையெனக் கருதலாமா? பிள்ளைப் பருவம் முதல் இத்தகைய சொற்களைக் கேட்டு வளரும் மகள், நச்சுக் கலந்த கிரீமை நாடிச் சென்றால் அதில் எமக்கும் பங்குண்டு.

ஈசாயின் மூத்த மகன் எலியாபின் தோற்றத்தைக் கண்டு, இவனே அரசன் என எண்ணினார் சாமுவேல். மனிதர் முகத்தைப் பார்க்கின்றனர், தாமோ அகத்தைப் பார்ப்பதாக ஆண்டவர் அவரைத் திருத்தினார் (1 சாமு 16:7). இனிமைமிகு பாடலில் வரும் பெண், திராட்சைத் தோட்டக் காவலில் வெயில்பட்டுக் கறுத்தவள். ஆயினும் தான் அழகியென்றே கூறுகின்றாள் (1:5-6). தேயிலை மலைகளிலும் வயல்களிலும் கடற்கரைகளிலும் எமக்காக உழைத்துக் கறுத்த பெற்றோரின் முகங்களை அவள் நினைவூட்டவில்லையா?

முகத்தைப் பேணுவது பாவமன்று. நோன்பு காலத்திலும் முகங்கழுவித் தலைக்கு எண்ணெய் பூசும்படி இயேசு கூறினார் (மத் 6:17). ஆயினும் உள்ளே அழுக்கை வைத்துக்கொண்டு வெளியே வெள்ளையடிப்பதை அவர் கல்லறைக்கு ஒப்பிட்டார் (மத் 23:27). சாந்தமும் அமைதியும் நிறைந்த உள்ளமே அழியாத அணிகலன் என்பது பேதுருவின் போதனை (1 பேதுரு 3:3-4).

1579இல் பெரு நாட்டின் லீமாவில், ஸ்பானியத் தந்தைக்கும் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினத் தாய்க்கும் பிறந்தவர் மார்ட்டின் தெ போரஸ். நிறத்தின் பொருட்டு இகழப்பட்ட அவர், தொமினிக்கன் மடத்தில் நோயாளருக்கும் ஏழைகளுக்கும் தொண்டாற்றினார். 1962இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. அவரது திருவுருவத்தின் முன் மன்றாடும் நாம், வீட்டில் நிறம்பார்த்து ஆளைத் தரம்பிரிப்பது முரண்பாடன்றோ?

ஆகவே பெற்றோரே, உள்ளடக்கம் குறிப்பிடப்படாத கிரீம்களை வீட்டுக்குள் அனுமதியாதீர்கள். மணமகளைத் தேடுகையில் நிறம்பற்றிய நிபந்தனையை நீக்கி, அவளது இறைபற்றையும் இரக்கத்தையும் வினவுங்கள். இறைவனின் சாயலாகவே படைக்கப்பட்டாள் என்பதை உங்கள் மகள் முதலில் உங்கள் வாயிலிருந்தே கேட்கட்டும்.