வழித்துணை: இரு மலைவாயில்கள்

நாம் சென்று வரும் மேற்கு மலைத்தொடர் பாலக்காட்டில் வழிவிடுகிறது. இடுக்கியில் மறித்து நிற்கிறது. பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ளது, ஏறக்குறையச் சமதளம். ஆதலால் 1862ஆம் ஆண்டிலேயே சென்னையிலிருந்து மேலைக் கடற்கரைக்கு அவ்வழியே ரயில் ஓடிற்று.

இடுக்கியின் நிலை வேறு. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலை ஏற்றிச் சென்ற சிறு ரயில் 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்தது. அதனை மீண்டும் அமைத்தாரில்லை. அம்மாவட்டத்தில் இன்றளவும் ரயில் பாதை இல்லை. தேயிலை, ஏலத் தோட்டங்களில் வாழும் நம்மவர் நோயாளியை மதுரைக்குக் கொண்டு செல்வதும், வெளியூரில் பயிலும் பிள்ளைகள் வீடு திரும்புவதும் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகள் வழியேதான். மழையில் மண் சரிந்தால் அவ்வழியும் அடைபடும்.

அகலப் பாதைப் பணிக்காக 2010ஆம் ஆண்டின் இறுதியில் நின்ற போடிநாயக்கனூர் ரயில் 2023 ஜூன் மாதத்தில் மீண்டும் ஓடலாயிற்று. மலையடி வரை ரயில் வந்துவிட்டது. மேலே ஏறும் பேருந்தும் அதன் நேரத்தோடு இயைந்தாலன்றோ பயன் முழுமையாகும்? ரயில் வரும் வேளையையொட்டி மூணாறு, பூப்பாறை, நெடுங்கண்டம் பேருந்துகள் புறப்பட வேண்டுமென இரு மாநில அரசுகளையும் நாம் ஒருமுகமாகக் கேட்க வேண்டும். அன்பர்கள் தத்தம் சங்கங்களில் இதனை எடுத்துரைப்பார்களாக.