யூடியூப் பார்த்து வீட்டிலேயே தோட்டா நிரப்பலாமா? கொடைக்கானல் நண்பனுக்குச் சொன்ன பதில்

ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ லிங்க் வந்தது. அனுப்பியவன் கல்லூரி நண்பன். ஐடி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றானதும் பெங்களூரு அறையைக் காலி செய்துவிட்டு, தாண்டிக்குடி பக்கம் இருக்கும் தாத்தா தோட்டத்துக்கே போய்விட்டவன். காபி, மிளகு, ஊடே மலைவாழை. பார்க்கவே பொறாமையாக இருக்கும்.

வீடியோவில் ஓர் அமெரிக்கர், தன் வீட்டு ஷெட்டில் காபி குடித்துக்கொண்டே காலித் தோட்டாக்களில் மருந்து நிரப்புகிறார். கீழே நண்பனின் மெசேஜ்: "மச்சி, தாத்தாவோட பழைய துப்பாக்கி வீட்லதான் இருக்கு. தோட்டா விலை எகிறுது. இதுக்கான சாமான் எல்லாம் ஆன்லைன்ல கிடைக்குமா? பன்னித் தொல்லை தாங்கலடா."

ஜாலியாகத்தான் கேட்டான். ஆனால் அந்த மூன்று வரியில் எத்தனை சட்டச் சிக்கல் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், அன்று ராத்திரி எனக்கும் முழுசாகத் தெரியாது. தேடிப் படித்த பிறகு எனக்கு வந்த கருத்துதான் இந்தக் கட்டுரை.

அங்கே பொழுதுபோக்கு, இங்கே குற்றம்

சுட்டு முடித்த காலித் தோட்டாவில் புது கேப், மருந்து, குண்டு வைத்து மறுபடி பயன்படுத்துவதைத்தான் 'ரீலோடிங்' என்கிறார்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில் இது சாதாரணப் பொழுதுபோக்கு. பிரிட்டனில் அனுமதி உண்டு, ஆனால் 2007-லிருந்து கேப் வாங்கவே துப்பாக்கிச் சான்றிதழைக் காட்ட வேண்டும்.

இந்தியாவில் 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம்தான் இதைத் தீர்மானிக்கிறது. தோட்டா வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும் என்கிறது பிரிவு 3. தயாரிக்கவும் விற்கவும் தனி லைசென்ஸ் வேண்டும் என்கிறது பிரிவு 5. பலரும் கவனிக்காதது சட்டத்தின் தொடக்கத்தில் இருக்கும் விளக்கம். தோட்டாவின் பாகங்களும், அதைத் தயாரிக்கும் இயந்திரமும்கூட அங்கே 'தோட்டா' என்ற கணக்கில்தான் வருகின்றன. அதாவது, வீடியோவில் அந்த மனிதரின் மேஜை மேல் இருந்த பொருட்களில் பாதி, நம் ஊரில் லைசென்ஸ் கேட்கும் பொருட்கள்.

தண்டனை என்ன? 2019-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ தயாரித்தால் குறைந்தது 7 ஆண்டு சிறை. அதிகபட்சம் ஆயுள். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தாலே 2 முதல் 5 ஆண்டு. வெளிநாட்டிலிருந்து கூரியரில் வரவழைக்கலாம் என்று நினைத்தால், இறக்குமதிக்கும் லைசென்ஸ் வேண்டும். வெடிமருந்து பக்கம் போனால் 1884-ம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் 1908-ம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் தனியாகக் காத்திருக்கின்றன.

இது கார்ட்டில் போட்டு, பிடிக்காவிட்டால் ரிட்டர்ன் பண்ணும் விஷயம் இல்லை.

"தாத்தாகிட்ட லைசென்ஸ் இருந்துச்சே?"

நண்பனின் அடுத்த கேள்வி இதுதான். லைசென்ஸ் தாத்தா பெயரில் இருந்தது. தாத்தா இறந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. லைசென்ஸ் சொத்து மாதிரி தானாகப் பேரனுக்கு வந்துவிடாது. துப்பாக்கியைப் பக்கத்துக் காவல் நிலையத்திலோ, லைசென்ஸ் உள்ள ஆயுத டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும். அதன் பிறகு வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம். 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகளில் அதற்கு வழி இருக்கிறது. கிடைக்கும் வரை பீரோ மேலே இருக்கும் அந்தத் துப்பாக்கி, சட்டத்தின் கண்ணில் கள்ளத் துப்பாக்கிதான்.

லைசென்ஸ் கிடைத்தாலும், அது துப்பாக்கியையும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் தோட்டாவையும் வைத்திருப்பதற்கான அனுமதி. தோட்டா தயாரிக்கும் அனுமதி இல்லை. டிரைவிங் லைசென்ஸ் இருக்கிறது என்பதற்காக வீட்டில் பெட்ரோல் காய்ச்ச முடியாதில்லையா, அதே மாதிரிதான்.

மருந்துக்கு அனுபவம் தெரியாது

சட்டத்தை விடுங்கள், உயிர் முக்கியம். தோட்டாவுக்குள் நடப்பது கட்டுப்படுத்தப்பட்ட ஒரு வெடிப்பு. கொஞ்சம் கூடினால் குழல் வெடிக்கும். கொஞ்சம் குறைந்தால் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கி, அடுத்த முறை சுடும்போது வெடிக்கும். இரண்டுமே நடப்பது முகத்துக்கு ஒரு முழம் தள்ளி. கை விரல், கண், காது எல்லாமே பக்கத்தில்தான் இருக்கின்றன.

தலைமுறை தலைமுறையாக மருந்தோடு வாழும் சிவகாசிப் பக்கமே ஒவ்வொரு வருஷமும் விபத்துச் செய்தி வருகிறது. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் சுமார் 40 பேர் உயிரிழந்தார்கள். உராய்வும் வெப்பமும் என்ன செய்யும் என்று தெரிந்த ஊரிலேயே அந்த நிலைமை என்றால், பத்து நிமிட வீடியோ பார்த்த நம் நிலைமை என்ன?

நம் மலைகளில் பிரச்சினை அமெரிக்க ஸ்டைல் ரீலோடிங்கும் இல்லை. அதன் நாட்டு வடிவம்தான். "நாட்டுத் துப்பாக்கி, கரிமருந்து, பால்ரஸ் குண்டுகள் பறிமுதல்" என்று மாவட்டப் பக்கங்களில் அடிக்கடி படித்திருப்பீர்கள். இன்னொன்று அவுட்டுக்காய். பன்றிக்கென்று தீனிக்குள் வெடி வைத்துப் போட்டால், அதைப் பன்றிதான் கடிக்கும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? 2020 மே மாதம் கேரளாவின் பாலக்காட்டில், பழத்துக்குள் இருந்த வெடி வாயில் வெடித்து, ஆற்றுக்குள் நின்றபடியே உயிரை விட்ட கர்ப்பிணி யானையை நாம் இன்னும் மறக்கவில்லை.

சரி, பன்னி வந்தா என்ன பண்றது?

இங்கேதான் நான் நண்பன் பக்கம் நிற்கிறேன். சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு "சட்டம் தப்புன்னு சொல்லுது" என்று முடிப்பது சுலபம். மலையில் வாழ்கிறவர்களுக்கு அது பதில் ஆகாது.

கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபி, மிளகு, வாழை. மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் கேரட், உருளை, பூண்டு. புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டும் இங்கே விளைவதுதான். காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரே ராத்திரியில் ஒரு போகத்தை உழுதுவிட்டுப் போய்விடும். காட்டுமாடுகள் கொடைக்கானல் டவுனுக்குள்ளேயே உலாவுகின்றன. நாம் அதை ரீல்ஸ் எடுக்கிறோம். அதே மாடு தன் வயலில் நிற்கும்போது ரீல்ஸ் எடுக்க விவசாயிக்கு மனசு வருமா?

துப்பாக்கி தீர்வாகுமா என்றால், சட்டப்படி சிக்கல்தான். பயிர்ப் பாதுகாப்புக்கு, குழல் வாய் வழியாக மருந்து நிரப்பும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரலாம் என்று ஆயுதச் சட்டமே சொல்கிறது. ஆனால் அந்த லைசென்ஸை வைத்து விலங்கைக் கொல்ல முடியாது. அதைத் தடுப்பது 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். காட்டுமாடு முதல் பட்டியலில் இருக்கிறது. கொன்றால் 3 முதல் 7 ஆண்டு சிறை. போதாததற்கு, 2013-ல் கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டது. பழனி மலையின் 600 சதுர கிலோமீட்டருக்கு மேல் அதற்குள் வருகிறது.

மூன்று கிலோமீட்டர் கணக்கு

2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விடலாம். 3 கிலோமீட்டர் தாண்டினால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம்.

சமவெளிக்கு இது பொருத்தமான ஏற்பாடு. ஆனால் மேப்பைத் திறந்து பூம்பாறையையும் மன்னவனூரையும் பாருங்கள். நாலு பக்கமும் காடு, நடுவில் ஊர். காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வயலை அங்கே எங்கே போய்த் தேடுவது? தொல்லை அதிகமாக இருக்கும் இடத்துக்கே அந்த அனுமதி போய்ச் சேரவில்லை.

கேரளா 2022-ல் வேறு வழியில் போனது. பயிரை அழிக்கும் பன்றியைச் சுட அனுமதி தரும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. சுடுவது லைசென்ஸ் உள்ளவர்கள்தான். அதை அப்படியே காப்பியடிக்கச் சொல்லவில்லை. சரணாலயத்தை ஒட்டி அப்படிச் செய்வதில் ஆபத்தும் இருக்கிறது. ஆனால் சுடுவது முடியாது என்றால், அந்த இடங்களில் பிடித்து அகற்றுவதும், வேலி மானியமும், இழப்பீடும் இரண்டு மடங்கு வேகமாக நடக்க வேண்டும். இழப்பீட்டுக்கு மனு கொடுத்தவன் அடுத்த போகம் முடிந்த பிறகும் அலுவலகப் படி ஏறிக்கொண்டிருந்தால், பக்கத்து வீட்டுக்காரன் நாட்டுத் துப்பாக்கியைப் பற்றித்தான் யோசிப்பான்.

மலைக் கிராமங்களில் போலீஸார் அவ்வப்போது "துப்பாக்கியைத் தாமாக ஒப்படையுங்கள்" என்று கேட்பது உண்டு. நல்ல விஷயம். ஆனால் துப்பாக்கியை வாங்கிக்கொள்ளும் அரசு, பதிலுக்கு என்ன கொடுக்கிறது? என் கருத்து எளிமையானது: கள்ளத் துப்பாக்கியை ஒழிக்க ரெய்டு மட்டும் போதாது, ரேஞ்சர் அலுவலகத்தில் மனு நகர வேண்டும்.

பயிர் சேதமானால் உடனே செய்ய வேண்டியவை இவை. தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள். அன்றைக்கே வனச்சரக அலுவலகத்துக்கும் வி.ஏ.ஓ.வுக்கும் எழுத்தில் கொடுங்கள். மனு வாங்கியதற்கு ஒப்புகை கேளுங்கள். ஊராகச் சேர்ந்து கொடுத்தால் இன்னும் நல்லது.

சுடத்தான் ஆசை என்றால்?

அதற்கும் நேர் வழி இருக்கிறது. 2022-ல் திருச்சியில் நடந்த மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டியில் நடிகர் அஜித் கலந்துகொண்டபோது ரைஃபிள் கிளப் வாசலில் கூடிய கூட்டம் ஞாபகம் இருக்கும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் உலகக் கோப்பைத் தங்கம் வென்றவர். ஏர் ரைஃபிளுக்கு மருந்தும் வேண்டாம், கேப்பும் வேண்டாம். காற்றழுத்தம்தான். கிளப்பில் சேர்ந்தால் பயிற்சியாளர் இருப்பார், பாதுகாப்பு விதிகள் இருக்கும். ஷெட்டில் தனியாக உட்கார்ந்து மருந்து அளப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

நண்பனுக்கு அன்று ராத்திரியே இதில் பாதியை வாய்ஸ் நோட்டில் சொன்னேன். முதலில் சிரித்தான். "ஏழு வருஷமா?" என்று கேட்டபோது சிரிப்பு நின்றது. அந்த வாரமே அப்பாவோடு போய்த் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டான்.

பன்றி சேதத்துக்கான மனுவையும் கொடுத்திருக்கிறான். அதற்குத்தான் இன்னும் பதில் வரவில்லை.